முதல் சீட்டில் எழுநூற்று எண்பத்தாறு

எண்பதுகளின் கடைசியில் செஞ்சி பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில், ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. என் முதலாளி தவணையில் எடுத்தது. கீழே அவருடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நான் வேலை பார்த்தேன். எனக்குப் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி. அவர்தான் என்னை ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்டிச்சேரிக்கு அனுப்பி, சி என்கிற கம்ப்யூட்டர் மொழியைப் படிக்க வைத்தார்.

அந்த மொழியில் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. எழுத்துகள் வரிசையாக நிற்கும். கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஜ்யம் நிற்கும். அதைப் பார்த்துத்தான் பெயர் முடிந்தது என்று மெஷின் தெரிந்துகொள்ளும். ஸலாம் கொடுத்தால்தானே தொழுகை முடியும், அது மாதிரி என்று நான் மனசில் பதிய வைத்துக்கொண்டேன்.

முதல் வேலை அவலூர்பேட்டையில் மணிலா, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்தவரிடமிருந்து வந்தது. மூட்டைகளில் கட்டும் சீட்டில் விவசாயி பெயர் ஒரு வரி, ஊர் ஒரு வரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாரியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். முதலாளி ஒளிவுமறைவு இல்லாத மனிதர். "இது நடந்தா நீ இங்கயே இருக்கலாம் பாய். இல்லைன்னா மெஷினைத் திருப்பிக் குடுத்துட்டு, கீழயும் பூட்டிடுவேன்" என்றார்.

பூட்டினால் எனக்கு சவூதிதான். என் மனைவியின் அண்ணன் அங்கே ஒரு கிடங்கில் வேலை சொல்லி வைத்திருந்தார். லீவில் வந்திருந்தவர் அதே வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் மெட்ராஸ் கிளம்புகிறார். விசா வேலைக்காக என் பாஸ்போர்ட்டை வாங்கித் தன் பையில் வைத்திருந்தார். போனால் மூன்று வருஷம் திரும்ப முடியாது. சின்ன மகளுக்கு அப்போதுதான் பேச்சு திருந்தி வந்தது. காலையில் மனைவி சொன்னது இவ்வளவுதான்: "எங்க இருந்தாலும் உங்களுக்கு துஆ செய்வேன். இங்க இருந்தா நல்லாருக்கும்."

வியாழக்கிழமை சோதித்தபோது எல்லாச் சீட்டும் சரியாக வந்தது. போகிற போக்கில் மண்டிக்காரர் கேட்டிருந்தார்: "முதல் சீட்டுல எழுநூத்தி எண்பத்தாறு போட்டுத்தானே தருவீங்க?" பிஸ்மில்லாஹ்வுக்கு அடையாளமாக எங்கள் ஆட்கள் எந்தக் காகிதத்தின் தலையிலும் அந்த எண்ணைப் போடுவார்கள். கேட்காவிட்டாலும் நான் போட்டிருப்பேன். வெள்ளிக்கிழமை காலை, முதல் பெயருக்கு மட்டும், strcpy கொண்டு 786-ஐ முன்னால் வைத்து, strcat கொண்டு பெயரை அதன் பின்னால் ஒட்டினேன்.

முதல் சீட்டு வந்தது. 786, பெயர், அதோடு ஒட்டிக்கொண்டு அந்த விவசாயியின் ஊரான சிங்கவரம். கீழ் வரியில் மறுபடியும் சிங்கவரம். மற்றவை எல்லாம் ஒழுங்காக இருந்தன.

திரும்ப ஓட்டினேன், அதேதான். புரோகிராமை முதல் வரியிலிருந்து படித்துப் பார்த்தேன், ஒன்றும் தென்படவில்லை. ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது.

"தொழுதுட்டு வா பாய்" என்றார் முதலாளி. "நீ அதைப் பாக்குற, அது உன்னைப் பாக்குது. வேற இன்னா நடக்குது இங்க?"

பள்ளிவாசலில் உடம்பு மட்டும்தான் நின்றது. திரும்பி வந்தபோது மச்சான் பெட்டியோடு என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இந்த டப்பாவுக்காகத்தான் ஊர்லயே இருக்கேன்றியா மாப்ள?"

"கொஞ்சம் எழுந்துக்கங்க மச்சான்."

முதலாளி பின்னால் வந்து நின்றார். "நேத்து நல்லாத்தானே ஓடிச்சி? அந்த நம்பரை எடுத்துடு பாய். கையால எழுதிக் குடுத்துடலாம்."

எடுத்துப் பார்த்தேன். சரியாக வந்தது. திரும்ப வைத்தேன். கெட்டது.

மச்சான் சிரித்தார். "அல்லாஹ் பேரை முன்னால வச்சா கெட்டுப்போற வேலை. இதை விட்டுட்டு வர்றதுக்கு இவ்ளோ யோசிக்கிற."

அந்த வார்த்தை நெஞ்சில் குத்தியது. பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கினால் காரியம் கூடி வரும் என்றுதான் நான் வளர்ந்தேன். அப்படியானால் கேடு வேறு எங்கோ இருக்க வேண்டும். அது எங்கே என்று தெரியாமல் அந்த எண்ணை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. கீழே லாரி ஹாரன் கேட்டது.

பெயரின் நீளத்தைக் கேட்டுப் பார்ப்போம் என்று strlen போட்டு ஒரு வரி சேர்த்தேன். கரண்ட் மங்கி, திரையில் எழுத்து சுருங்கியது. "யா அல்லாஹ், கரண்ட் இப்ப போய்டக் கூடாது" என்று வாய்விட்டே சொன்னேன். எழுத்து மறுபடி விரிந்தது. திரையில் இருபத்திரண்டு.

தஸ்பீஹ் எண்ணுவது போல விரல் கணுக்களில் எண்ணினேன். இங்கிலீஷில் அந்த விவசாயியின் பெயர் ஒன்பது எழுத்து. 786 மூன்று. மொத்தம் பன்னிரண்டு. மீதிப் பத்து? சிங்கவரத்தை எண்ணினேன். பத்து.

பெயருக்கு நான் ஒதுக்கிய இடமே பன்னிரண்டுதான். பட்டியலில் பெரிய பெயர் பதினோரு எழுத்து, கடைசிப் பூஜ்யத்துக்கு ஒன்று, போதும் என்று கணக்கு வைத்திருந்தேன். 786 வந்ததும் பன்னிரண்டும் நிரம்பி, பூஜ்யம் பக்கத்திலிருந்த ஊரின் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. பிறகு ஊர் பெயர் வந்து அதை அழித்துவிட்டது. பெயருக்கு ஸலாமே இல்லை. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் மெஷின் சிங்கவரத்தையும் சேர்த்து ஓதியிருக்கிறது.

"இன்னா பாய், இன்னா?" என்றார் முதலாளி.

"எடம் பத்தல முதலாளி. கொஞ்சம் எடம் குடுத்தா போதும்."

பன்னிரண்டை அழித்து இருபது ஆக்கினேன். அவசரத்தில் முதல் தடவை இருநூறு என்று விழுந்தது. திருத்தி, ஃப்ளாப்பியில் சேமித்து, பிரிண்டரை ஓட விட்டேன்.

மண்டிக்காரர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்து சேர்ந்தபோது முதல் சீட்டு பாதி வெளியே வந்திருந்தது. 786, பெயர். பிறகு பிரிண்டர் ஒரு நொடி நின்றது. அடுத்த வரியில் சிங்கவரம், தனியாக. அவர் சீட்டைக் கிழித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அடுத்த லோடு அனந்தபுரத்துச் சரக்கு. அதுக்கும் இந்த பாய்தானே போடுவாரு?"

முதலாளி என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவரு இங்கதான் இருப்பாரு."

மச்சான் பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கீபோர்டு பக்கத்தில் வைத்தார். கிளம்பும்போது, "தங்கச்சிகிட்ட நீயே சொல்லிக்கோ. என்னால முடியாது, அது சந்தோஷத்துல அழும்" என்றார். அவர் கண்ணும் சரியில்லை. பஸ் வரைக்கும் அவர் பெட்டியை நான்தான் தூக்கிப்போனேன்.

அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்குப் போனேன். மனைவி பாஸ்போர்ட்டை வாங்கி, டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். சின்னவள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

"அத்தா, பஸ்ஸு போய்டிச்சா?"

"போய்டிச்சிம்மா" என்றேன்.