மிஞ்சிய ஒரு ஊசி

வண்ணார்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் கொரோனா தடுப்பூசி முகாம் நடந்தபோது, பெயர் பதியும் வேலை எனக்கு. ஊசி போட்ட நர்ஸம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். முகக்கவசத்தின் வார் அழுத்திக் காதுக்குப் பின்னால் புண்ணாகியிருந்தது. பயந்து உட்காருகிறவர்களிடம், "ரெண்டு ஊசியும் போட்டுட்டு நான் கல்லு மாதிரி நிக்கேன்லா," என்று சிரிக்க வைத்துவிட்டுத்தான் ஊசியை இறக்குவார்.

ஒரு நாள் முகாம் முடியும்போது, திறந்த குப்பியில் ஒருவருக்கான மருந்து மிஞ்சியது. வைத்திருந்தால் வீணாகிவிடும்.

"நீங்களே போட்டுக்கிடுங்கக்கா. ஒங்களுக்கு ரெண்டாவது ஊசி பாக்கி இருக்குல்லா," என்றாள் உடனிருந்த இளம் நர்ஸ்.

நான் திகைத்து அவரைப் பார்த்தேன்.

"முதல் ஊசிக்கே ரெண்டு நாளு காய்ச்சல்ல கெடந்தேன். இப்பவும் படுத்துட்டா, நாளைக்கு இங்கன யாருட்டி நிப்பா? ஒங்க தாத்தாவா?" என்றவர், என்னிடம் திரும்பினார். "நீரு வெளிய சொல்லிராதீரும் தம்பி. ஒருத்தனும் கையை நீட்ட மாட்டான்."

பிறகு வாசலில் நின்ற ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"காய்ச்சல் வருமாம்மா? நாளைக்கு வண்டி ஓட்டணும்."

"வந்தா வரட்டும் அண்ணாச்சி. ஒரு நாளு படுத்து எந்திரிங்க. வண்டி எங்கயும் ஓடிப் போயிராது."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. அந்த இரண்டாவது ஊசியை அவர் எப்போதாவது போட்டுக்கொண்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.