இயந்திரத்துக்குப் போர்த்திய பொன்னாடை

பொன்னாடையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சிராங்கூன் ரோட்டுத் துணிக்கடைகளில் ஜரிகைக் கரை போட்டு, சிவப்பிலும் பச்சையிலும் மடித்து அடுக்கியிருப்பார்களே, அந்தக் கடைகளைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். துணி பாவம், அது என்ன செய்யும். ஆனாலும் அப்படித்தான் இருக்கிறது.

நான் அணுக்கரு இணைவு ஆராய்ச்சியில் இருக்கிறேன். இதைச் சொன்னதும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது, குண்டு செய்கிறாயா என்று. அணுவைப் பிளப்பது வேறு, இரண்டைச் சேர்த்து ஒன்றாக்குவது வேறு, சூரியனுக்குள் நடப்பது இரண்டாவதுதான் என்று விளக்கி முடிப்பதற்குள் கல்யாணப் பந்தியில் பாயசம் வந்துவிடும். புரிந்துகொண்ட ஒருவர் இருவர் அடுத்த கேள்விக்கு வருவார்கள். எப்போது இது வீட்டுக்குக் கரண்டாக வரும்? முப்பது வருஷம் ஆகலாம் என்பேன். சிரிப்பார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னாலும் இதையேதான் சொன்னார்களாம். இந்த நகைச்சுவையைத் தானே முதலில் கண்டுபிடித்த மாதிரி ஒவ்வொருவரும் சொல்வார்கள், நானும் ஒவ்வொரு தடவையும் பல்லைக் காட்ட வேண்டும்.

அணை கட்ட ஆறு இல்லாத குட்டித் தீவு நாடு இது. வெயில் கொளுத்தினாலும் சூரியத் தகடுகளை விரித்துப்போட நிலம் கிடையாது. எரிவாயு வெளியிலிருந்து வந்தாக வேண்டும். பெரிய நாடுகள் எல்லாம் இணைவு உலைக்குத் தேசியத் திட்டம் போட்டு ஓடும்போது நாமும் ஓர் ஓரமாகவாவது ஓட வேண்டும் என்று இங்கேயும் தீர்மானித்தார்கள். நல்ல தீர்மானம். அதில் எனக்குக் கிடைத்த பங்கு, சுவர். உலைக்குள் கொதிக்கும் வாயுவைப் பிளாஸ்மா என்கிறோம். அதைச் சுற்றி ஒரு சுவர் நிற்க வேண்டும். சுவர் தாங்காவிட்டால் இணைவு மின்சாரத்தைக் கடையில் வைத்து விற்பது என்ற பேச்சே கிடையாது. டங்ஸ்டன் என்ற உலோகத்தில் வெவ்வேறு விதமாகச் செய்த சின்னச் சின்னத் துண்டுகளைக் காற்றில்லாத ஓர் எஃகுக் கலனுக்குள் வைத்து, அவற்றின்மேல் ஹைட்ரஜன் பிளாஸ்மாவைப் பாய்ச்சிக்கொண்டே இருப்போம். எந்தத் துண்டு உரிகிறது, எது கொப்பளிக்கிறது, எது தாக்குப் பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. பார்க்கிறவர்களுக்குக் கண்ணாடி ஜன்னல் வழியாக ரோஸ் நிற வெளிச்சம் ஒன்று தெரியும், அவ்வளவுதான்.

முந்தின வருஷம் தீபாவளி அலங்கார விளக்குகளைச் சாலையிலிருந்து கழற்றிய வாரத்தில் ஒரு நீண்ட ஓட்டத்தைத் தொடங்கினேன். இடையில் நிறுத்தவே கூடாத ஓட்டம். சூடாக இருக்கும் டங்ஸ்டன்மேல் ஒரு தடவை காற்றுப் பட்டுவிட்டால் அதன் மேற்பரப்பு கெட்டுவிடும், அதுவரை செய்தது அத்தனையும் வீண். செப்டம்பரில் மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. அவர்கள் கையில் இந்த முடிவைக் கொடுத்தால் சுவர் ஆராய்ச்சி தேசியத் திட்டத்தில் நீடிக்கும். கொடுக்காவிட்டால் சுவர் பற்றி வெளிநாட்டில் கண்டுபிடிப்பதை வாங்கிக்கொள்ளலாம் என்று எங்கள் பிரிவை மூடிவிடுவார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் சனி, ஞாயிறுகூட புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் வீட்டிலிருந்து கிளம்பி வந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தக் கலனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலையில் என் அக்காவின் கணவர் வந்து சேர்ந்தார். தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் கைப்பேசிக் கடை வைத்திருப்பவர், எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். அத்தானுக்கு என்மேல் பாசம் ஜாஸ்தி. அந்தப் பாசத்தில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் ஆய்வுக்கூடத் தலைவருக்கே எழுதிவிட்டார். சங்க உறுப்பினர்கள் வந்து, நம் வீட்டுப் பெண் சூரியன் செய்யும் இடத்தைப் பார்க்க விரும்புகிறார்களாம். தலைவருக்கு வாயெல்லாம் பல். தேசியத் திட்டம் மக்களிடம் போய்ச் சேர வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இதோ மக்களே தேடி வருகிறார்கள்.

ஓட்டம் முடியட்டும், அக்டோபரில் வரச் சொல்லுங்கள் என்று தலைவரிடம் கேட்டுப் பார்த்தேன். நின்றுபோன கலனில் பார்க்க என்ன இருக்கிறது, வெளிச்சம் இருந்தால்தானே வருகிறவர்களுக்குச் சுவாரசியம் என்றார். அதோடு விடவில்லை. அதற்கு முன்பு வேறு யாரோ வந்தபோது அபாய மணி அலறி, வெளிச்சம் அணைந்து, அவருக்கு மானம் போயிருந்தது. எனவே வருகை முடியும்வரை மணியை நிறுத்திவையுங்கள் என்றார். காற்றை வெளியேற்றும் பம்ப் நின்றுபோனால் கலனைத் தானாக மூடிவிடும் வால்வு ஒன்று உண்டு. அது மூடினால் வெளிச்சமும் போய்விடும், அந்த ஏற்பாட்டையும் அன்றைக்கு மட்டும் விலக்கிவையுங்கள் என்றார். அந்த வால்வு எதற்கு இருக்கிறது என்று கேட்டேன். ஒரு பிற்பகல்தானே என்று சொல்லி அவரே கையெழுத்துப் போட்டார்.

ஒரு பேருந்து நிறைய வந்தார்கள். கோட்டும் டையுமாக அத்தான் முன்னால் நின்று, வீட்டில் எந்நாளும் பேசாத செந்தமிழில், தமிழச்சி ஒருத்தி கதிரவனைச் சிறைப்பிடித்த வரலாறு என்று முழங்கினார். கூச்சத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பொன்னாடைகள் பையிலிருந்து வெளியே வந்தன. தலைவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, கூட வேலை செய்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. எங்கள் சங்கங்களில் பொன்னாடைக்கு எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. முன்னால் நிற்கிற ஒருவரைக்கூட விட்டுவிடக் கூடாது. ஒலிபெருக்கிக்காரருக்குப் போர்த்த மறந்ததற்காக இரண்டாகப் பிரிந்த சங்கத்தை எனக்குத் தெரியும். இங்கே முன்னால் நின்றவர்கள் எல்லோருக்கும் ஆயிற்று, பையில் இன்னும் ஒன்று மிச்சம். அத்தான் கலனைப் பார்த்தார்.

"உழைக்கிறது அதுவும்தானே, அதை மட்டும் விட்டா எப்படி?" என்றார்.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. ரோஸ் வெளிச்சத்தை மறைக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் இரண்டு பேராகச் சேர்ந்து கலனின் பின்பக்கமாகப் போர்த்தினார்கள். பம்ப்பைக் குளிர்விக்கும் விசிறி இருப்பது பின்பக்கத்தில். வேண்டாம், எடுங்கள் என்று நான் இரண்டு அடி வைப்பதற்குள் தலைவர் என் முழங்கையைப் பிடித்துப் படத்துக்கு நிறுத்திவிட்டார். அவர்கள் முகத்துக்கு நேராக எடுத்தால் அவமதிப்பு, மேலே தேநீர் தயாராக இருக்கிறது, போகும்போது யாராவது எடுத்துவிடுவார்கள் என்று காதில் சொன்னார். துணி விசிறியை அடைக்கிறது என்றேன். பட்டுத்துணி காற்று விடும் என்றார். விஞ்ஞானி.

மேல்மாடியில் கறிபாப் பலகாரமும் தேநீரும் கொடுத்தார்கள். கீழே போய்விட்டு வருகிறேன் என்று நான் எழுந்த நேரம் பார்த்து, இப்போது நம் பெண் பேசுவாள் என்று அறிவித்தார்கள். பேசினேன். சுவர் ஏன் முக்கியம் என்று எனக்கே கேட்காத வேகத்தில் பேசிவிட்டு இறங்கி ஓடினேன். மணி அடிக்கவில்லை, அதை நிறுத்தித்தான் வைத்திருந்தார்களே. அறைக்குள் நுழைந்ததும் பம்ப்பின் ரீங்காரம் இல்லை என்பது காதில் அறைந்தது. துணி சூடேறிய வாசனை. சூடு தாங்காமல் பம்ப் நின்றிருந்தது. மூட வேண்டிய வால்வு மூடவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் இருட்டு.

கலன் ஆறிய பிறகு திறந்து பார்த்தேன். வெள்ளி மாதிரி இருக்க வேண்டிய துண்டுகள் மஞ்சளும் நீலமுமாகக் கறை படிந்து கிடந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போல் இருந்தது.

அப்புறம் சப்பைக்கட்டு தொடங்கியது. விசாரணை என்ற பெயரில் கூடிப் பேசியதன் சாரம், வெளிப்பொருள் ஒன்று விசிறியை மறைத்தது, பொறுப்பாளர் கவனித்திருக்கலாம் என்பது. பொறுப்பாளர் நான். மணியையும் வால்வையும் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. நான் விட்டேன். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முப்பது வருஷம் ஆகப்போகிற வேலையில் எட்டு மாதம் என்ன பெரிய விஷயம் என்று ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னார். அந்த முப்பது வருஷமும் இப்படி வீணாக்கிய எட்டு மாதங்களால் ஆனதுதான் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்றார். ஆண்கள் கத்தினால் ஈடுபாடு, நான் கத்தினால் ஓய்வு.

மிச்சக் கோபத்தை ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு எடுத்துப் போனேன். விடுமுறைக் கூட்டத்தில் கடை நிரம்பி வழிந்தது. சிம் கார்டு வாங்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, என் வேலையில் மண்ணைப் போட்டுவிட்டீர்களே என்று அத்தானைப் பிடித்தேன். மேடை ஆசை, மாலை ஆசை, படம் ஆசை, எதைப் பார்த்தாலும் போர்த்திவிடுகிற புத்தி என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் அந்தத் துண்டுகளை மறுபடி சரி செய்ய முடியாதா என்று மட்டும் கேட்டார். முடியாது என்றேன். தலையை ஆட்டிவிட்டு, காத்திருந்தவருக்குச் சிம் கார்டை எடுத்துக் கொடுத்தார். அக்கா என்னுடன் பல வாரம் பேசவில்லை.

செப்டம்பரில் குழு வந்தது. கெட்டுப்போன துண்டுகளை வரிசையாக வைத்து, நடந்ததை உள்ளபடி சொல்லி, இன்னொரு ஓட்டத்துக்குக் கால அவகாசம் கேட்கத் தயாராக நின்றேன். யாரும் துண்டுகளைக் கேட்கவில்லை. தலைவர் திரையில் போட்டது பொன்னாடைப் படம். கலனைச் சுற்றிச் சிரித்த முகங்கள், நடுவில் முழங்கை பிடிபட்ட நான். குழுவுக்கு மெத்த மகிழ்ச்சி. எதிர்கால ஆற்றலைச் சமூகம் இப்படி அள்ளி அணைத்துக்கொள்வதை அவர்கள் வேறெங்கும் பார்த்ததில்லையாம். பிரிவை மூட வேண்டாம் என்று முடிவாயிற்று. சுவர் பற்றிய முடிவுகளை வெளிநாட்டுப் பங்காளிகளிடமிருந்து பெற்றுக்கொள்ளலாம். கலனைக் கீழ்த்தளக் கூடத்துக்கு நகர்த்தி, வருகிறவர்கள் எப்போதும் பார்க்கும்படி ஒளிர வைக்கலாம். நான் அதற்குப் பொறுப்பு. தலைவர் கை குலுக்கி, உங்கள் பிரிவைக் காப்பாற்றிவிட்டோம் என்றார். என் கை அவர் கைக்குள் செத்துக் கிடந்தது.

கூடத்தில் வைத்தபோது ஹைட்ரஜனை எடுத்துவிட்டு நியான் நிரப்பினார்கள். நிறம் இன்னும் எடுப்பாக இருக்குமாம். திறப்பு நாளுக்குச் சங்கத்தையும் அழைத்திருந்தார்கள். அத்தான் வருவார் என்று நான் நினைக்கவில்லை. கோட்டு இல்லாமல், சாதாரணச் சட்டையில், தனியாக வந்தார். தலைவர் அவரைக் கண்டுகொண்டு, இன்றைக்குப் பொன்னாடை கொண்டுவரவில்லையா என்று சிரித்தார். அத்தான் நேராகக் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய், கையால் கூடத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உள்ளே வெகுநேரம் பார்த்தார்.

"உள்ள உன் துண்டு எதாச்சும் இருக்காம்மா?"

"இல்ல அத்தான். ஒண்ணும் இல்ல. சும்மா எரியுது."

"அப்ப டம்மி பீஸ். எங்க கடையில கண்ணாடி அலமாரியில வெப்போம்லா, உள்ள ஒண்ணும் இல்லாத போன், அந்த மாதிரி."

நான் தலையை ஆட்டினேன். அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"நாங்க போர்த்தினப்ப அது நெஜமா ஓடிக்கிட்டு இருந்துச்சு."

அதற்குமேல் அவர்மேல் என்னால் கோபப்பட முடியவில்லை. ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தியவரும் அவர்தான் என்பதால் மன்னிக்கவும் முடியவில்லை. படம் எடுக்க வரச் சொல்லித் தலைவர் கூப்பிட்டார். நாங்கள் இருவரும் போகவில்லை.