கறுப்புத் தாளில் எடுத்து வைத்தது

இங்கே மெழுகு உடனே உறைந்துவிடுகிறது. அயர்லாந்துக்கு வந்து மூன்று வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. காலை ஏழு மணிக்கு ஆய்வகத்துக்குள் நுழைந்து, உருகிய மெழுகை அச்சில் ஊற்றிக் குளிர்தட்டில் வைத்துவிட்டு, கையுறையைச் சரிசெய்துகொண்டு திரும்பினால் மெழுகுக் கட்டி தயாராக இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் சித்திரை வெயிலில் இதே மெழுகு எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. மீன் மார்க்கெட்டுக்குப் போகிற ஐஸ் பாளத்தில் பாதியை வாங்கி, சாக்கில் சுற்றிச் சுத்தியலால் உடைத்து, அதன்மேல் தட்டை வைத்துக் கட்டிகளைக் கவிழ்ப்போம். அப்போது பார்த்துக் கரண்ட் போகும். மின்விசிறி நின்ற பத்தாவது நிமிடம் மெழுகு இளகிப் பிளேடில் பிசுபிசுக்கும். அந்த ஐஸ் தட்டை நினைத்து ஏங்குகிறேனா என்றால் இல்லை. அது ஒரு தொல்லை. இது இன்னொரு விதமான களைப்பு, அவ்வளவுதான்.

என் வேலை என்னவென்று ஊரில் பலருக்கு இன்றுவரை தெரியாது. ரத்தம் எடுக்கிறவள் என்று நினைக்கிறார்கள். உடம்பிலிருந்து டாக்டர் கிள்ளி எடுக்கிற சதையை மருந்தில் ஊறவைத்து, மெழுகுக்குள் புதைத்து, இயந்திரத்தில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால், தலைமுடியைவிட மெல்லிய சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாடாவாக வரும். ரிப்பன் என்போம். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் ஏந்தி, சாயம் ஏற்றிக் கொடுத்தால், ஆய்வக டாக்டர் பார்த்து இது இன்ன நோய் என்று எழுதுவார். நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி என் வலது மணிக்கட்டு தேய்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினால் மெழுகுத் துகள் உதிர்கிறது. துவைத்தாலும் போவதில்லை.

போன மாசி மாதத்தில் ஒரு வாரத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த வாரம் என் அப்பாவின் கன்னச் சதையில் ஒரு மிளகளவு துண்டு, நான் முன்பு ஆறு வருடம் வேலை பார்த்த கள்ளக்குறிச்சி ஆய்வகத்தில் புட்டிக்குள் இருந்தது. அப்பா ரிஷிவந்தியம் பக்கத்தில் கரும்பு வைக்கிறவர். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பும்வரை வாயில் புகையிலை அடக்கியிருப்பார். கன்னத்தின் உட்புறம் ஆறு மாதமாக ஆறாத புண். தம்பி கெஞ்சிக் கூத்தாடி அவரை வண்டியில் உட்கார வைத்து டாக்டரிடம் கூட்டிப்போனான். அன்றைக்கே அப்பா எனக்குப் போன் செய்து தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஒருவாட்டி கிள்ளி எடுத்துட்டாங்க, வாணி. வலி தாங்கல. இன்னோருவாட்டின்னு எவனாச்சும் வந்தா நான் வாயத் தொறக்க மாட்டேன். உன் தம்பிகிட்டயும் சொல்லிட்டேன்."

அப்பா ஒன்று சொன்னால் சொன்னதுதான். அந்த மிளகளவுத் துண்டில் பதில் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் புண்ணோடு போகிறவரை போவார்.

அந்த வாரத்துத் திங்கட்கிழமைதான் நோரா என் மேசை இழுப்பறையைத் திறந்தாள். நோரா எங்கள் ஆய்வகத்தின் மேற்பார்வையாளர், ஐம்பது வயதிருக்கும், குரலை உயர்த்தாதவள். அவள் தேடியது பிளேடு டப்பா. அவள் கையில் அகப்பட்டது ஒரு மிட்டாய்ப் பெட்டி. உள்ளே மடித்த கறுப்புத் தாள்கள், ஒவ்வொன்றிலும் நான் பென்சிலால் எண் எழுதி எடுத்துவைத்த மிச்ச ரிப்பன்கள். சின்னச் சதைத் துண்டு வந்தால் கண்ணாடிக்குப் போனதுபோக மிஞ்சிய சீவல்களை நான் எறிவதில்லை. அறிக்கை கையெழுத்தாகும்வரை வைத்திருந்து பிறகுதான் குப்பையில் போடுவேன். கறுப்புத் தாள் எதற்கென்றால் வெள்ளைச் சீவல் கண்ணுக்குத் தெரிவதற்கு.

நோரா என்னைத் தனியறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். திட்டப்போகிறாள் என்று தயாரானேன். அவளோ நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மிகவும் தயங்கி, "இது உங்கள் மத நம்பிக்கையா? உடம்பில் எந்தத் துண்டையும் எறியக்கூடாது என்று இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், மரியாதையோடு ஏதாவது ஏற்பாடு செய்யலாம்" என்றாள். மருத்துவமனைப் பாதிரியாரிடம் பேசவும் தயாராக இருந்தாள்.

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் ஆசை வந்தது. சொல்லியிருந்தால் என் பெட்டிக்குத் தனி அலமாரியே கிடைத்திருக்கும். நான் சொல்லாததற்கு நேர்மை காரணமில்லை. அந்தப் பொய்யை வருடக்கணக்கில் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை.

"மதம் இல்லை. பஸ்தான் காரணம்" என்றேன்.

"பஸ்ஸா?"

"எங்கள் ஊரில் மலைக்குப் பஸ் குறைவு."

நோரா தலையை ஆட்டினாள். அவள் குறிப்பேட்டில் பஸ் என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டதை நான் தலைகீழாகவே படித்தேன். மேற்கொண்டு விளக்க எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். வெள்ளிமலைக்கு மேலேயிருந்து ஒருவர் கழுத்துக் கட்டியோடு வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், மனைவி கூட வந்திருந்தார். கட்டியிலிருந்து எடுத்த துண்டு மிகச் சின்னது. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், விடுப்புக் கேட்கப் பயம். மெழுகின் மேல்தோலைச் சீவிச் சதையை வெளிக்கொண்டு வருவதற்காகக் கைப்பிடியைச் சுற்றினேன், எதையோ நினைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டே இருந்தேன். குனிந்து பார்த்தபோது மெழுகுக் கட்டியில் வெறும் மெழுகுதான் இருந்தது. அவருடைய சதை முழுவதும் சீவலாகி என் காலடியில் தூசியோடு தூசியாகக் கிடந்தது. திசு போதவில்லை, மறுபடி எடுத்து அனுப்பவும் என்று அறிக்கை போயிற்று. அதை வாங்க வந்தவரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"மறுபடியும் அறுக்கணுங்களா? செரிங்கம்மா. மத்தியானப் பஸ்ஸ உட்டா ராத்திரி தங்கணும், கைல ஒண்ணுமில்ல. மரவள்ளி புடுங்கிட்டு வரேன்" என்றார். கோபமே இல்லை. அதுதான் இன்னும் என்னைக் குத்துகிறது.

அந்த வருடம் மரவள்ளி பிடுங்கி லாரி லாரியாக ஆலைக்குப் போயிற்று. அவர் வரவில்லை. படிவத்தில் கொடுத்திருந்த எண் யாரோ டீக்கடைக்காரருடையது. இரண்டு முறை அடித்தேன், ஆள் தெரியாது என்றார்கள். மலைக்குப் போய் நானே தேடியிருக்கலாம். போகவில்லை. அதற்குப் பிறகுதான் நானும், என்னோடு வேலைக்குச் சேர்ந்த செல்வியும் பக்கத்து எக்ஸ்ரே சென்டரில் பிலிம் சுற்றிவருகிற கறுப்புத் தாளைக் கேட்டு வாங்கி, மிச்ச ரிப்பன்களை ஸ்வீட் டப்பாவில் அடுக்கிப் பிரிட்ஜில் வைக்க ஆரம்பித்தோம். எந்தப் புத்தகத்திலும் எங்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. பயத்தில் வந்த பழக்கம் அது. அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டுதான் நான் விமானம் ஏறியிருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை நோரா ஒரு தாளை நீட்டினாள். முறையான அடையாளமில்லாத எந்தத் திசுவையும் மேசையில் வைத்திருக்க மாட்டேன், ஒவ்வொரு கட்டி முடிந்ததும் மிச்சத்தை அகற்றிவிடுவேன் என்று அதில் இருந்தது. அவள் சொல்வதில் தவறே இல்லை. பென்சில் எண் அழிந்து ஒருவர் சீவல் இன்னொருவர் பெயரில் போனால், நோயில்லாதவருக்கு நோய் வந்துவிடும். இங்கே திசு போதாவிட்டால் நோயாளியைக் கடிதம் எழுதிக் கூப்பிடுவார்கள், அவரும் காரில் வந்துவிடுவார். என் பயத்துக்கு இங்கே வேலையில்லை. கையெழுத்துப் போட்டேன். பெட்டியை நானே காலி செய்தேன். ஒரே ஒரு வெற்றுக் கறுப்புத் தாளை மட்டும் ஏனோ மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே தேநீர் இடைவேளையில் செல்வி கூப்பிட்டாள். ஊரில் அப்போது பிற்பகல்.

"அக்கா, வேலையா கீறீங்களா?"

"இல்ல, டீ குடிச்சிக்கினு இருக்கேன். சொல்லு."

"உங்கப்பாது முத ஸ்லைடு மடிஞ்சி பூட்ச்சிக்கா. டாக்டர் இன்னும் உள்ள போயி கட் பண்ணச் சொன்னாரு. மெழுகு பிளாக்கைத் திரும்ப மாட்னேன். கொஞ்சம் சாஞ்சிக்கினு இருந்திருக்கு. பாக்காம சுத்திட்டேன்."

"மிச்சம் எவ்ளோ கீது?"

"ஒண்ணுமில்லக்கா. வெறும் மெழுகுதான். நான்தான் பண்ணேன், வேற யாரும் இல்ல."

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆறு வருடம் என் பக்கத்தில் இருந்தவள் போலவா வெட்டினாய் என்று கேட்க வாயெடுத்தேன். வெள்ளிமலைக்காரர் முகம் வந்து நின்றது. அவர் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை.

"கறுப்புத் தாளு?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப கெடையாதுக்கா. ஆடிட்டுக்கு வந்தவங்க வேணாம்னுட்டாங்க. சாயந்திரம் மேசையைத் தொடச்சிட்டுத்தான் வூட்டுக்குப் போவணும்." செல்வி குரலைத் தாழ்த்தினாள். "ஆனா உங்கப்பாது வச்சிருக்கேன். படிவத்துல பேரப் பாத்தேன், தூக்கிப் போட மனசு வரல. ரெண்டு ரிப்பன். ஒண்ணு ஓரம் கெட்டிருக்கு, ஒண்ணு நல்லா கீது. அத்தச் சொல்லத்தான் கூப்ட்டேன். டாக்டர்கிட்ட சொல்லிட்டுப் பண்ணட்டுமா, சும்மா பண்ணிக் குடுத்துடட்டுமா?"

சொன்னால் டாக்டர் வேண்டாம் என்று சொல்லக்கூடும். வேண்டாம் என்றால் அப்பா வாயைத் திறக்கப்போவதில்லை. கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. காலையில்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன், அந்த மை காய்ந்திருக்காது.

"சொல்லிட்டே பண்ணு, செல்வி. தாளுமேல நம்பரு எழுதியிருக்கல்ல?"

"பேரு, நம்பரு, தேதி எல்லாம் எழுதியிருக்கேன்."

"தண்ணி சூட்டை ஜாஸ்தி வச்சிடாத."

"தெரியுங்க்கா."

போனை வைக்கப்போனவளிடம் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன். "மத்தவங்களுது?"

"மத்தவங்களுது இன்னாக்கா பண்றது. எல்லாத்துக்கும் வச்சா என் வேல பூடும்" என்றாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், மாமியார் படுக்கையில். அவளைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. தேநீர் அறையிலிருந்து வெளியே வந்த என்னைப் பார்த்து நோரா என்ன ஆயிற்று என்றாள். அப்பாவின் அறிக்கைக்காகக் காத்திருக்கிறேன், சதை போதவில்லை, மிச்சம் எடுத்துவைத்தது இருக்கிறது என்றேன். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சனிக்கிழமை அப்பாவே கூப்பிட்டார். தான் சொன்னதைக் கேட்டு டாக்டர் எடுத்து வா என்று சொல்லிவிட்டதாகச் செல்வி முந்தின நாளே தகவல் அனுப்பியிருந்தாள். அறிக்கை வந்துவிட்டது. புற்றுநோய்தான். ஆழம் போனதாகத் தெரியவில்லை, அறுத்து எடுத்துவிடலாம் என்று புண்ணைப் பார்த்த டாக்டர் சொன்னாராம். அப்பா குரலில் பெரிய மாற்றமில்லை.

"ஆபரேஷனுக்குப் போறேன். வண்டி சொல்லிட்டான் உன் தம்பி."

"வாயத் தொறக்க மாட்டேன்னீங்களேப்பா."

"இன்னான்னு தெரியாததுக்குத் தொறக்க மாட்டேன்னேன். இப்பதான் பேரு தெரிஞ்சி பூட்ச்சே."

வெள்ளிமலைக்காரர் கட்டிக்கு நான் பேர் வைக்காமலே விட்டது எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. என் அப்பாவுக்குப் பேர் கிடைத்தது. அவர் என் அப்பா என்பதால் கிடைத்தது. அன்றைக்கு அந்த ஆய்வகத்தில் வெட்டிய மற்ற மெழுகுக் கட்டிகளின் மிச்சமெல்லாம் சாயந்திரம் துடைத்த துணியோடு போயிருக்கும். சந்தோஷப்படவும் முடியவில்லை, படாமலும் இருக்க முடியவில்லை. அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகும்போது நான் இருக்க வேண்டும் என்று பத்து நாள் விடுப்புக்கு எழுதிப்போட்டேன்.

திங்கட்கிழமை காலை நான் இயந்திரத்தில் பிளேடு மாட்டிக்கொண்டிருந்தபோது நோரா என் விடுப்புத் தாளோடு வந்தாள். கையெழுத்துப் போட்டிருந்தாள். போகத் திரும்பியவள் நின்றாள்.

"வாணி, அப்பாவுக்குப் பஸ் கிடைத்ததா?"

அவள் கிண்டல் செய்யவில்லை. அந்தக் கேள்விக்குறிக்கு அவளே பதில் தேடி, பாதி கண்டுபிடித்திருக்கிறாள். "அவருக்குக் கிடைத்தது" என்றேன். கிடைக்காதவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அன்றைய கட்டிகள் தேங்கிவிடும்.

அவள் போனபின் முதல் கட்டியை மாட்டினேன். யாருடையது என்று தெரியாது, வெறும் பார்கோடும் எண்ணும்தான். மிளகளவுத் துண்டு. ரிப்பன் நன்றாக வந்தது. இரண்டு சீவலைக் கண்ணாடியில் ஏந்திவிட்டு, மிச்சத்தைத் தூரிகையால் தள்ளிக் குப்பைப் பையில் விட்டேன். அது என் வலது கை. இடது கை அதற்குள் கோட்டுப் பைக்குள் போய், மடித்த கறுப்புத் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தது.