ரெண்டு பக்கமும் ஒத்த கத்தி

எங்கள் வீட்டில் ஒரு மாங்காயை நறுக்கினால்கூட என்னைக் கூப்பிட்டுத்தான் பங்கு பார்ப்பார்கள். எனக்கும் தம்பிக்கும் அடிதடி வராமல் இருக்க அம்மா கண்டுபிடித்த வழி அது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, எந்தத் துண்டு ஒரு நூல் பெரிசு என்று சொல்லிவிடுவேன். என் பங்கே சிறுத்தாலும் சொன்னது சொன்னதுதான், அப்பீல் கிடையாது. தெருவில் எனக்கு வக்கீலம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். வக்கீலுக்கும் ஜட்ஜுக்கும் வித்தியாசம் தெரியாத தெரு அது, போகட்டும்.

இந்தக் கண்ணை நம்பித்தான் என் சித்தப்பா அந்தக் கோடை விடுமுறையில் கத்தி செய்ய உட்கார்ந்தார்.

சித்தப்பா அப்பாவுடைய தம்பி. செங்கல்பட்டில் எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு, அங்கேயே ஒரு லாரிப் பட்டறையில் வேலை பார்த்தார். நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் வாய் சுளுக்கிக்கொள்ளும் என்று நினைக்கிற ஆள். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. தாத்தா காலத்திலேயே கடற்கரையை விட்டு ரயிலுக்கு வந்துவிட்ட குடும்பம் எங்களுடையது. ஆனால் நாக்கு மட்டும் கரையிலேயே தங்கிவிட்டது, மீன் இல்லாமல் சோறு இறங்காது. மகாபலிபுரத்தைத் தாண்டி ஒரு குப்பத்திலிருந்து ஒரு மீன்காரம்மா முதல் பஸ்ஸில் கூடையோடு வந்து எங்கள் தெருவில் மீன் கொடுப்பாள். அதிகாரமான குரல், அதைவிட அதிகாரமான முழங்கை. அவளிடம் பேரம் பேச அம்மாவே பயப்படுவாள்.

ஒரு நாள் அவள் கூடவே அவள் மகளும் இன்னொரு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மகள் மீன் ஆய்ந்துகொண்டிருக்க, மீன்காரம்மா பழைய கத்தி ஒன்றைத் தூக்கிப்போட்டு ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள்.

"இன்னா கத்தி செய்றானுங்க! சொறா தலையில ஒரே ஒரு போடு போட்டேன், கழுத்தாண்ட பட்டுனு பூட்ச்சி. ஒவ்வொரு கத்தியும் இப்டியே கழுத்துல ஒடைஞ்சா நான் இன்னா பல்லால கடிச்சா துண்டு போடறது?"

கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த சித்தப்பா திரும்பிப் பார்த்தார். மீன்காரம்மாவைப் பார்த்தார் என்றுதான் நான் நினைத்தேன்.

"நான் செஞ்சி தர்றேன். ஒடையாது," என்றார்.

அம்மா அப்படியே அசந்து நின்றுவிட்டாள். அவர்கள் போன பிறகு ஆரம்பித்தாள். "என் அருவாமணை தீவாளியிலருந்து மொட்டையா கீது. அத்த சாணை பிடிக்க இவருக்கு நேரமில்ல. ஊருக்குக் கத்தி செய்றாராம்!" சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

கத்தியின் கழுத்து என்றால் இதுதான். கைப்பிடிப் பக்கம் இரும்பு முழுக் கனத்தோடு இருக்கும், வெட்டுகிற பக்கம் மெலிந்திருக்கும். கனம் முடிந்து மெலிவு தொடங்குகிற இடம்தான் கழுத்து. கடையில் விற்கும் கத்தியில் அந்த இடத்தைப் படிக்கட்டு மாதிரி வெட்டென்று நிறுத்திவிடுவார்கள். ஓங்கிப் போடும்போது அந்த மூலையில்தான் விரிசல் விடும். சித்தப்பா அதை மூலையாக விடாமல் வளைவாக இழைத்துக்கொண்டு வரப் போகிறாராம். வளைவில் விரிசல் உட்கார இடம் கிடைக்காதாம். ஆனால் ஒன்று, இந்தப் பக்கத்து வளைவும் அந்தப் பக்கத்து வளைவும் கண்ணாடியில் பார்த்தது போல ஒத்திருக்க வேண்டும். அதற்குத்தான் என் கண்.

இதில் எனக்கும் ஒரு வழக்கு இருந்தது. அந்த லீவில் சைக்கிள் பாருக்கு அடியில் காலை விட்டு ஓட்டுகிற குரங்குப் பெடலை எனக்குக் கற்றுத் தருவதாகச் சித்தப்பா சத்தியம் செய்திருந்தார். பட்டறைச் சக்கரத்தில் சொந்த வேலை பார்க்க அவருடைய முதலாளி விடமாட்டார். அதனால் தன் சைக்கிளையே ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பின் டயரைக் கழற்றிவிட்டு, ரிம்மில் பெல்ட் மாட்டி, ஹேண்டில்பார் பக்கம் ஒரு சாணைக்கல்லைப் பொருத்திவிட்டார். தெருவில் வருகிற சாணைக்காரர் போல மிதித்துக்கொண்டே இழைக்க வேண்டியது. கத்தி முடிந்தால்தான் சைக்கிளுக்கு டயர், சைக்கிளுக்கு டயர் வந்தால்தான் எனக்குக் குரங்குப் பெடல். விடுமுறையோ ஓடிக்கொண்டிருந்தது, சைக்கிள்தான் நின்ற இடத்தில் நின்றது.

இரும்பு அறுக்கும் மெஷினில் தேய்ந்துபோன ரம்பத் தகடு ஒன்றைக் கொண்டுவந்தார். பல்லை உடைக்கிற முறுக்கு மாதிரி கெட்டியாக இருக்கும் தகடு. சாணைக்கல்லின் வலது ஓரத்தை மழுக்கி அதில் ஒரு பக்கத்து வளைவு, இடது ஓரத்தை மழுக்கி அதில் மறுபக்கத்து வளைவு இழைப்பார். பொறி பறக்கும். சூடு ஏறினால் தகரக் குவளைத் தண்ணீரில் முக்குவார், சுர்ரென்று சத்தம் வரும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கல்லின் ஒரு ஓரம் சீக்கிரம் தேயும், இன்னொன்று தேயாது. அதனால் ஒரு பக்கத்து வளைவு கைப்பிடியை நோக்கி ஒரு நூல் ஏறிவிடும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் மீன்காரம்மாவின் குப்பத்துக்குப் போனார். மீன்காரம்மாவின் புருஷன் கடலிலிருந்து வந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் பேச்சுவார்த்தை எல்லாம் பெண்களோடுதான். மகள் கத்தியை வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்து, என்னைப் போலவே ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"எடது பக்கம் கொஞ்சம் ஏறிகினு கீது," என்றாள்.

உண்மைதான், ஏறியிருந்தது. நான்கூட மனசுக்குள் சபாஷ் போட்டேன்.

சரி செய்ய வேண்டுமானால் ஏறின பக்கத்தை இறக்க முடியாது, இறங்கின பக்கத்தைத்தான் ஏற்ற வேண்டும். அடுத்த ஞாயிறு அது கொஞ்சம் அதிகம் ஏறிவிட்டது. "இப்ப வல்து பக்கம்," என்றாள் அந்த அக்கா. அதற்கடுத்த ஞாயிறு மறுபடியும் இடது. பூனைகளுக்கு அப்பம் பங்கு போட்ட குரங்கின் கதைதான். கழுத்து ஏற ஏறக் கைப்பிடி குறுகிக்கொண்டே வந்தது. முழுக் கையால் பிடிக்கிற கத்தி நாலு விரல் கத்தியாகி, அப்புறம் மூன்று விரல் கத்தியானது. அலகும் மெலிந்துபோயிற்று.

"சொறாவுக்குன்னு கேட்டேன், இது சங்கராவுக்கே யோசிக்கும் போல கீதே," என்று மீன்காரம்மா முணுமுணுத்தாள். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் எங்களுக்கு நாஸ்தா போட்டாள். மகள்தான் பரிமாறுவாள். சித்தப்பா எங்கள் வீட்டில் சாப்பிடுவதைப் போல இரண்டு பங்கு சாப்பிடுவார், பேசுவது மட்டும் அதே கணக்கு.

எனக்குப் பேஜாராகிவிட்டது. பள்ளிக்கூடம் திறக்க நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரம் முழுக்கச் சாணைக்கல் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். அவர் ஒரு மிதி மிதித்தால் நான் ஒரு தடவை பார்ப்பேன். "நிறுத்துங்க சித்தப்பா! இதோட நிறுத்துங்க!" என்று நான் கத்திய இடத்தில் அவர் நிறுத்தினார். ரெண்டு பக்கமும் ஒன்று, எள்ளளவும் பிசகில்லை. பிசகு இருந்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று தம்பியிடம் பந்தயம் கட்டினேன்.

அந்த ஞாயிறு அக்கா கத்தியை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "எடது பக்கம் இன்னும் கொஞ்சம் ஏறிகினுதான் கீது."

அடிப்பாவி! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சித்தப்பாவோ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், "சரி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்," என்று கத்தியைத் துணியில் சுற்றப் போனார். விடுவேனா நான்? பிடுங்கிக்கொண்டேன்.

"அக்கா பொய் சொல்லுது! ரெண்டும் ஒண்ணாத்தான் கீது! நான் ருசு பண்றேன்!"

பஸ்ஸில் தின்ற வேர்க்கடலையை மடித்துத் தந்திருந்த காகிதத்தை இரண்டாகக் கிழித்தேன். காசை வைத்துத் தேய்ப்போமே, அதே போல ஒரு பக்கத்துக் கழுத்தின் மேல் ஒரு தாளை வைத்து அடுப்புக்கரியால் தேய்த்தேன். மறுபக்கத்துக்கு இன்னொரு தாள். இரண்டையும் முகத்தோடு முகம் சேர்த்து, சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். இரண்டு வளைவும் ஒரே கோடாகத் தெரிந்தன. கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் தூக்கித் தூக்கிக் காட்டினேன்.

"இந்தப் பொண்ணுக்குக் கண்ணுல இன்னாடி கோளாறு?" என்றாள் ஒருத்தி, அக்காவைக் காட்டி.

"கோளாறு கண்ணுலயா கீது?" என்றாள் இன்னொருத்தி. கரையே சிரித்தது.

அக்கா விருட்டென்று வீட்டுக்குள் போய்விட்டாள். மீன்காரம்மா சிரிக்கவில்லை. என் கையிலிருந்த கத்தியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "கத்திதான் முடிஞ்சிபோச்சே. ரொம்ப சந்தோசம் தம்பி. நீ இனிமே வந்துகினு இருக்க வேணாம். ஊரு வாய் ஒரு மாதிரி," என்றாள்.

கேஸில் ஜெயித்துவிட்டேன்! பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நானே பேசிக்கொண்டு வந்தேன். சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பியவர் திரும்பியவர்தான். அவர் தொழில் சுத்தம் என்று ஒரு குப்பத்துக்கே நிரூபித்துக் காட்டியிருக்கிறேன், மனுஷன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருகிறாரே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. "நான் சொன்னது கரெக்டுதானே சித்தப்பா?" என்று கேட்டேன். "கரெக்டுதான்மா," என்றார்.

சைக்கிளுக்கு டயர் வந்தது. சொன்ன சொல் தவறாமல் குரங்குப் பெடல் கற்றுக்கொடுத்தார். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவருவார், ஆனால் ஆள் மட்டும்தான் ஓடிவந்தது. நான் சாக்கடையில் விழுந்து எழுந்து பார்த்தபோது, அவர் காலிக் கையை நீட்டிக்கொண்டு நடுத்தெருவில் நின்றிருந்தார். சாப்பாடு பாதிக்குமேல் இறங்கவில்லை. அம்மா அவர் முகத்தையே பார்ப்பாள், அப்புறம் அப்பாவைப் பார்ப்பாள். மீன்காரம்மாவும் எங்கள் தெருவுக்கு வருவதை விட்டுவிட்டாள். அடுத்த தெருவில் அவள் கூவுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு காலையில் அவள் மறுபடி வந்தாள். கூடையைக்கூட இறக்கவில்லை. முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்து அம்மா காலடியில் போட்டாள். சித்தப்பா செய்த கத்தி, இரண்டு துண்டாகக் கிடந்தது.

"உன் கொழுந்தன் கத்தி லட்சணத்தப் பாத்தியா? ஒடையாதுன்னாரே! இத்த சும்மா வுட மாட்டேன். உங்க வூட்டுப் பெரியவங்க வந்து எனக்கு நாயம் சொல்லணும்."

அம்மா குனிந்து துண்டுகளை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மீன்காரம்மாவையும் ஏற இறங்கப் பார்த்தாள். சண்டைக்குச் சண்டை என்று இடுப்பில் கையை வைக்கப் போகிறாள் என்று நான் காத்திருந்தால், அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"வெள்ளிக்கெழம வரட்டுமா?" என்றாள்.

"வா. நல்ல நாள்தான், பாத்துட்டேன்," என்று கூடையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள் மீன்காரம்மா.

புகார் விசாரிக்க நல்ல நாள் எதற்கு? அதைவிடக் கொடுமை, சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் சித்தப்பா விசிலடித்தார். தன் கையால் செய்த கத்தி உடைந்ததற்கு ஒரு மனுஷன் விசிலடிப்பானா! மானம் போகிறதே என்று எனக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டார், அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய், பூ என்று ஒரு தாம்பாளம் நிறைய எடுத்துக்கொண்டார்கள். ஒரு கத்திக்கு இவ்வளவு தெண்டமா என்று எனக்கு வயிறு எரிந்தது.

குப்பத்தில் எல்லாரும் உட்கார்ந்ததும், பெரியவர்கள் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே நான் எழுந்துவிட்டேன். துண்டுகள் என் கையில் இருந்தன.

"எங்க சித்தப்பா மேல தப்பு இல்ல! பாருங்க, கழுத்து அப்டியே கீது. நடுவுலதான் ஒடைஞ்சிருக்குது. இதோ, கல்லு பட்ட வெள்ளத் தழும்பு! இது தானா ஒடையல, யாரோ வேணும்னே கல்ல வச்சி ஒடைச்சிருக்காங்க! யாருன்னு கண்டுபிடிக்கணும்!"

உள்ளே கதவோரம் பட்டுப் பாவாடை தாவணியில் நின்றிருந்த அக்கா, தன் அம்மாவையே வாய் பிளந்து பார்த்தாள். அடுத்த நிமிஷம் ஆளாளுக்குச் சிரித்தார்கள். அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை பேர் இருந்தும் யார் உடைத்தது என்று விசாரிக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மீன்காரம்மா என்னை இழுத்து மடியில் உட்காரவைத்து, ஒரு முழு ஜாங்கிரியை வாயில் திணித்தாள். "சாப்புடு கண்ணு. கேஸு முடிஞ்சிபோச்சி," என்றாள்.

நியாயமெல்லாம் தெரிந்த எனக்கு, பெண் வீட்டார் தாங்களாகப் போய் மாப்பிள்ளை கேட்பது கௌரவக் குறைச்சல் என்கிற ஊர் வழக்கம் மட்டும் தெரிந்திருக்கவில்லை. வாய் நிறைய ஜாங்கிரியோடு குனிந்தபோதுதான் பார்த்தேன். என்னைப் பிடித்திருந்த அவள் கையில், கட்டைவிரலைச் சுற்றி மஞ்சள் அப்பிய துணிக்கட்டு. இரும்புச் சில்லு தெறித்தால் எப்படி வெட்டும் என்று சாணைக்கல் பக்கத்தில் அத்தனை நாள் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாதா? இருந்தும், பாவம், நாம் கொடுத்த கத்தியும் போய், கையிலும் அடிபட்டிருக்கிறதே என்று இரக்கப்பட்டேன்.

"சொறா முள்ளு குத்திச்சா?" என்று கேட்டேன்.

"ஆமாண்டி கண்ணு, சொறாதான்," என்றாள்.

நான் நம்பினேன்.