குதிகால் இல்லாத காலுறை

இலங்கை மலையில் தேங்காய் எண்ணெய் விடியற்காலையில் கட்டியாகிவிடுகிறது. ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். தலை வாரவேண்டுமானால் குப்பியை அடுப்பருகே வைத்து, அது இளகும்வரை காத்திருக்கவேண்டும். இங்கே வந்த இரண்டு வருஷமாக நான் படித்ததில் பாதி அந்தக் காத்திருப்பில் படித்தது. மீதியெல்லாம், கையில் பின்னலூசிகள் ஓட, புத்தகத்தை மடியில் விரித்துப் படித்தது. என் கணவர் இங்கே தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். சமையலும் துணியும் பிள்ளையும் போக மிஞ்சுகிற கொஞ்ச நேரத்தைப் பின்னலும் படிப்பும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. அலுத்துப்போகிறது.

பாளையங்கோட்டை விடுதிப் பள்ளியில் இந்தத் தொல்லை இல்லை. மாலையில் நாற்பது பெண்கள் உட்கார்ந்து கம்பளி பின்னுவோம்; ஒருத்தி மட்டும் நின்று கதை வாசிப்பாள். வாசிக்கிறவளுக்கு அன்று பின்னல் கிடையாது. நான் திசையன்விளைப் பக்கத்துப் பனையேறியின் மகள். எங்கள் வீட்டில் எழுத்தறிந்த முதல் ஆள். என் முறை வரும்போது தொண்டையைச் செருமிக்கொள்வதிலேயே ஒரு மிடுக்கு இருக்கும். அங்கே குழந்தைத் தொப்பியும் கழுத்துத் துண்டும் பின்னினோம். காலுறை பின்னியதில்லை.

இங்கே தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசானி, சண்டைக்குப் போன சிப்பாய்களுக்காகக் காலுறை சேர்க்கிறார். ஒரு ஜோடி கொடுத்தால் ஒரு புத்தகம் இரவல் தருவார். முதல் தடவை என்று போன மாதம் ஜோடி கேட்காமலே தந்த கதையின் முதல் பாகம், நாயகியை நடுக்கடலில் விட்டுவிட்டு முடிந்தது. இரண்டாம் பாகம் அவர் அலமாரியில் இருக்கிறது. அந்த முதல் பாகத்தைப் படித்தபடியேதான் என் முதல் ஜோடியைப் பின்னினேன். கை சுற்றிச் சுற்றிப் போயிற்று. குதிகாலுக்குத் திருப்பவேண்டிய இடம் எப்போது கடந்ததென்றே தெரியாது. முடிச்சிட்ட பிறகும் ஒரு குறையும் தெரியவில்லை.

அடுத்த வீட்டு ஞானம்மாள் அக்கா, சேரன்மகாதேவிக்காரி, ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏட்டி, என்னது இது, பாம்பு உரிச்சுப் போட்ட சட்ட மாரி தொங்குது?"

"சிப்பாய்க்குக்கா."

"அவனுக்குக் கால் மடங்காதோ?"

"படிச்சுப் பின்னுனது. ஒங்களுக்குப் புரியாது" என்று பிடுங்கிக்கொண்டேன்.

பங்களாவில் துரைசானி அதை மேசையில் நீட்டிப் பார்த்தார். "குதிகால் எங்கே?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"எங்கள் ஊரில் இப்படித்தான் போடுவோம், மேடம்."

அவர் என் கால்களைப் பார்த்தார். செம்மண் காட்டில் நடந்து வெடித்த கால்கள், செருப்பைக்கூடக் கண்டதில்லை. பிறகு மாதிரிக்கென்று தம்முடைய பழைய காலுறை ஒன்றைத் தந்து, "முதலில் குதிகால். புத்தகம் பிறகு" என்றார்.

வீட்டுக்கு வந்து மூன்று வாரப் பின்னலைப் பிரித்தேன். துரைசானியின் காலுறையில் குதிகால் எந்த இடத்தில் தொடங்குகிறதென்று பார்த்தும் பிடிபடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் காலுறையை வலது காலில் மாட்டினேன். மடியில் புத்தகம் இல்லாததால் கண் முழுதும் காலிலேயே இருந்தது. வலது கால் கம்பளிக்குள் சூடேறி, யார் வீட்டுக் காலோ என்பதுபோலக் கனத்தது. இடது கால் தன் வெடிப்புகளோடு சில்லிட்ட தரையில் கிடந்தது. இரண்டையும் நெருக்கி வைத்துக்கொண்டு, குதிகால் திரும்பும் இடம்வரை பின்னல் கண்ணிகளை எண்ணத் தொடங்கினேன்.