புது வீட்டில் அம்மா இருக்கிறா

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு ஓரிரு வருசம் முந்தி, ஒரு வைகாசி மாதத்தில், வந்தாறுமூலையிலிருந்து பனிச்சங்கேணிக்கு நான் வீடு மாறிப் போனேன். மாட்டுக் கரத்தையில் ஒன்றரை நாள் வழி. என்னோடு வந்தவள் என் மகள் ஒருத்திதான், ஐந்து வயது. அந்தப் பயணத்தைப் பற்றி இதுவரை ஒருத்தியைத் தவிர வேறு யாரிடமும் நான் முழுசாகச் சொன்னதில்லை. சொன்னால் முகத்தில் காறித் துப்புவார்களே என்ற பயம். துப்ப வேண்டியவர்களில் பாதிப்பேர் இப்போது போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு என்பது பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் என்றால் மாப்பிள்ளைதான் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிபோவான். அக்கா தங்கச்சிமார் ஒரே வளவுக்குள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருப்பார்கள். நானும் அப்படித்தான் ஒரு தகரப் பெட்டியும் ஒரு வீச்சுவலையுமாக வந்தாறுமூலைக்குப் போனேன். எங்கள் அப்பா அம்மா இருந்த வீடு என் தங்கச்சிக்குச் சீதனமாகப் போயிற்று. பெண்சாதி இருக்கும் மட்டும் எனக்கு அந்த வழக்கத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. மீன் பிடித்தேன், வயல் செய்தேன், அவள் சமைத்துப் போட்டாள், ராசா மாதிரி இருந்தேன்.

அந்த வருசம் தை மாதத்தில் அவளுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. கரத்தையில் பாய் விரித்துப் படுக்கவைத்துப் பட்டணத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் முடிந்துபோயிற்று. அங்கேயே அடக்கம் செய்துவிட்டு வெறுங்கரத்தையோடு திரும்பி வந்தேன். என் மகள் கண்டதெல்லாம், அம்மா கரத்தையில் ஏறிப் போனதுதான்.

"அம்மா எங்க?" என்று கேட்டவளுக்கு எல்லாரும் "நாளைக்கு வருவா" என்று சொல்லிச் சமாளித்தார்கள். மச்சாள் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. மச்சாள் என்பது என் மனைவியின் அக்கா, அடுத்த வீட்டுக்காரி, பிள்ளை இல்லாதவள். பிள்ளையை மடியில் தூக்கி வைத்து, "அம்மா செத்துட்டா புள்ள. இனி வரமாட்டா. பெரியம்மா இரிக்கன்" என்றாள். பிள்ளை வீரிட்டுக் கத்தினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்களுக்கு நெஞ்சில ஈரமே இல்லியா?" என்று அவளோடு சண்டைக்குப் போனேன். அதற்குப் பிறகும் பிள்ளை ஒவ்வொரு நாள் பின்னேரமும் அதே கேள்வியைக் கேட்பாள், மச்சாள் அதே பதிலைச் சொல்வாள், பிள்ளை அழுது முடியும்வரை மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். மூன்று மாதத்துக்குப் பிறகு பிள்ளை கேட்பதை விட்டாள். சிரிக்கவும் தொடங்கினாள்.

என்னை அந்த வளவிலிருந்து யாரும் போகச் சொல்லவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நான்தான் ரோசக்காரன். ஒருநாள் வயல் வட்டையில் வரம்பு கட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வயல்காரன் ஒருவன் பகிடியாக, "என்ன மச்சான், இன்னமும் மச்சாள்ற கைச்சோறுதானா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குள் முள்ளாக நின்றுவிட்டது. பெண்சாதி இல்லாத வீட்டில் எந்த முகத்தோடு இருக்கிறது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

பனிச்சங்கேணியில், ஆற்றைக் கடந்து அப்பால், எங்கள் அப்பா காடு வெட்டிச் சேனை செய்த ஒரு துண்டு நிலம் கிடந்தது. போய் வந்து, போய் வந்து, இரண்டு மாதத்தில் அதில் ஒரு வீடு எழுப்பினேன். கம்பு நட்டு, வரிச்சுக் கட்டி, மண் குழைத்து அப்பி, கிடுகு போட்டுக் கூரை வேய்ந்தேன். இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி. "ஆம்புள ஒருத்தன் தனக்கெண்டு வீடு கட்டுறானாம்" என்று அங்கேயும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தேன். பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு பலகைத் தட்டு அடித்தேன். அவள் விழாதபடி கிணற்றைச் சுற்றிக் கம்பு அடைத்தேன். எல்லாம் அவளுக்காகத்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாமான் கட்டத் தொடங்கியபோதுதான் பிரச்சினை வெளியில் வந்தது. வலை, கத்தி, மண்வெட்டி, தகரப் பெட்டி, இரண்டு பாய், ஒரு சட்டி, ஒரு பானை. இவ்வளவும் என்னுடையவை. மற்றதெல்லாம் தாய்வழிச் சொத்து, வீட்டோடு நிற்கும். அதில் எனக்கு மறுப்பு இல்லை. மகளின் சட்டைகளை மடித்து வைத்தபோது மச்சாள் வாசலில் வந்து நின்றாள்.

"புள்ளைய எங்க கொண்டு போறீங்க மச்சான்?"

"என்ட புள்ளைய நான் கொண்டு போறன்."

"அவள்ற வீடு இதுதான். நீங்க போறதெண்டாப் போங்க. அவள் இஞ்ச இரிக்கட்டும். பொம்புளப் புள்ளைய அந்தக் காட்டுக்க வச்சு ஆரு பாக்கிற? நீங்க வலைக்குப் போனா ஆரு அவளுக்குச் சோறு குடுக்கிற?"

அவள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. தாய் செத்தால் பிள்ளை தாயின் ஆட்களோடு இருப்பதுதான் ஊர் வழக்கமும். ஆனால் எனக்கு அந்தப் பிள்ளையை விட்டால் வேறு யார்? அவளையும் விட்டுவிட்டுப் போனால் நான் யாருமற்ற ஆள் ஆகிவிடுவேன் என்று பயந்து செத்தேன். அந்தப் பயத்தை வெளியில் காட்டத் தெரியாமல் வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

கடைசியில் என் மனைவியின் தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். அந்தக் குடும்பத்தில் அவர் சொல்தான் முடிவு. இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் இழுத்துப் புள்ளையப் பிய்க்காதீங்க. நாளைக்குக் காலமை கரத்த வரக்குள்ள அவளயே கேப்பம். ஆரோட போறன் எண்டு சொல்றாளோ, அதுக்கு மறுகா ஒருத்தரும் கதைக்கப்படா" என்றார்.

பிள்ளை யாரைச் சொல்வாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். குளிப்பாட்டுவதும் பெரியம்மா, ஊட்டுவதும் பெரியம்மா, அணைத்துப் படுப்பதும் பெரியம்மா. நான் மீன் கொண்டுவருகிற ஆள், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் மச்சாள் கிணற்றடிக்குப் போன நேரம், பிள்ளை வீட்டுக்குப் பின்னால் கோடியில் தனியே கோழிக்குஞ்சு துரத்திக்கொண்டு நின்றாள். நான் குந்தியிருந்து அவள் காதோடு சொன்னேன்.

"புது வீட்டில அம்மா இரிக்கா. நாம அங்கதான் போறம். ஆருக்கிட்டயும் சொல்லப்படா, பெரியம்மாக்கிட்டயும். சொன்னாப் போகவிடமாட்டா."

திட்டம் போட்டுச் சொன்னேனா, வாய் தவறி வந்ததா என்று இன்றைக்கும் என்னை நானே கேட்பதுண்டு. திட்டம் போட்டுத்தான் சொன்னேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

அந்த முகத்தை என்னால் எழுத ஏலாது. கண் இரண்டும் விரிந்து, வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டாள். பிறகு உள்ளே ஓடினாள்.

கரத்தை வந்தது. தாய்மாமன் முற்றத்தில் நின்று, "புள்ள, நீ ஆரோட இரிக்கப் போறாய்? பெரியம்மாவோடயா, அப்பாவோடயா?" என்று கேட்டார். மச்சாள் ஈரக் கையோடு குனிந்து நின்றாள். பிள்ளை அவளைத் தாண்டி நேரே ஓடிவந்து என் விரலைப் பிடித்தாள். "அப்பாவோட போறன்" என்றாள். ஒரு சொட்டுத் தயக்கம் இல்லை.

மச்சாள் உள்ளே போய்க் கட்டுச்சோறு கட்டிக் கொண்டுவந்தாள். "முள்ளெடுத்துக் குடுங்க, அவளுக்கு முள்ளுப் பாக்கத் தெரியா. மத்தியானம் கொஞ்சம் படுக்கவைங்க" என்றாள். கரத்தை ஒழுங்கையில் இறங்கின பிறகு பின்னாலேயே ஓடிவந்து பிள்ளையின் சின்னத் தலையணையை உள்ளே எறிந்தாள். பிள்ளை பின்பக்கம் கிறுகியும் பார்க்கவில்லை. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஆண்டவனே, அப்படித்தான் நினைத்தேன்.

கரத்தைக்காரர் ஓட்டமாவடி முஸ்லிம் ஒருவர், காக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். நல்ல மனுசன், பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டுவார். ஊர் எல்லை தாண்டியதும் பிள்ளை தன் துணிமூட்டையை அவிழ்த்தாள். உள்ளே அவள் அம்மாவின் சீப்பு, பாதி எண்ணெயோடு ஒரு போத்தல், ஒரு பழைய சட்டை. எனக்குத் தெரியாமல் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள்.

"அம்மாக்குச் சீப்பு இல்லாம இரிக்கும். தல சிக்குப் பிடிச்சிரிக்கும்" என்றாள்.

காக்கா பாட்டை நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். பிள்ளை விட்டபாடில்லை. அம்மா தன்னைக் கண்டதும் என்ன சொல்வாள், தான் எங்கே ஒளித்திருந்து பயம் காட்டுவாள், புதுசாகப் பல் விழுந்த இடைவெளியை எப்படிக் காட்டுவாள் என்று வழிநெடுக ஒரே கதை. காக்காவுக்கு என் பெண்சாதி செத்தது தெரியும். மாட்டுக்குத் தண்ணி காட்ட இறங்கிய இடத்தில் என்னைத் தள்ளிக் கொண்டுபோய், "என்ன வேல தம்பி இது? யா அல்லாஹ், இப்பயே சொல்லிரு. போய்ச் சேர முன்னம் சொல்லிரு" என்றார். "சொல்றன் காக்கா" என்றேன். ஓட்டமாவடியில் அவர் வீட்டில் தங்கினோம். சொல்லவில்லை. காலையில் புறப்பட்டோம். சொல்லவில்லை. பனிச்சங்கேணித் துறையில், இரண்டு தோணியைச் சேர்த்துப் பலகை அடித்த, பாதை என்கிற மிதவையில் கரத்தையை ஏற்றி ஆற்றைக் கடந்தோம். அக்கரை நெருங்க நெருங்க அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அப்போதும் என் வாய் திறக்கவில்லை.

கரத்தை நிற்க முந்தியே இறங்கி ஓடினாள். "அம்மா!" முதல் அறையில் பார்த்தாள். இரண்டாம் அறையில் பார்த்தாள். குசினிக்குள் போனாள். கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், அம்மா ஒளித்து விளையாடுகிறாள் என்று நினைத்திருப்பாள், சிரித்துக்கொண்டே பார்த்தாள். பிறகு கிணற்றடி, வேலியடி. திரும்பி வந்து, "அம்மா தண்ணிக்குப் போயிட்டாவா அப்பா?" என்றாள்.

நான், "வருவா" என்றேன்.

காக்கா சாமான் முழுவதையும் தனியே இறக்கினார். என் முகத்தைப் பார்க்காமலே கரத்தையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

நாலு நாள் அவள் வாசற்படியில் வழியைப் பார்த்தபடி இருந்தாள். கையில் அந்தச் சீப்பு. சோறு வைத்தால் இரண்டு வாய், அதற்கு மேல் இறங்காது. நான் அடித்த பலகைத் தட்டை அவள் தொட்டும் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் நான் முள்ளெடுத்து ஊட்டிக்கொண்டிருந்தபோது என்னை நேரே பார்த்துக் கேட்டாள்.

"பெரியம்மா சொன்னதுதான் உண்மை, என்ன அப்பா?"

"ஓம் புள்ள" என்றேன்.

அழுவாள் என்று கையை நீட்டினேன். அழவில்லை. என் கைக்குள் வரவும் இல்லை. எழும்பிப் போய்ச் சீப்பையும் போத்தலையும் சட்டையையும் மூட்டையில் வைத்துக் கட்டினாள். கட்டிவிட்டு அதன்மேலேயே இருந்தாள். நான்தான் அழுதேன், பெருங்குரல் எடுத்து அழுதேன். யாரோ வேற்று ஆள் அழுவதைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள் கருவாட்டுக் கரத்தை ஒன்றைப் பிடித்து வந்தாறுமூலைக்குத் திரும்பினோம். மச்சாள் ஓடிவந்து அவளை அள்ளினாள். பிள்ளை அவள் தோளில் முகத்தைப் புதைத்ததும்தான் வெடித்து அழுதாள். ஒன்பது நாள் அடக்கின அழுகை. நடந்ததை நானே மச்சாளிடம் சொன்னேன், வேறு வழியில்லை. அடிப்பாள், மண்ணள்ளித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அம்மா இல்ல எண்டு அவள நம்பவைக்க எனக்கு மூணு மாசம் எடுத்துது மச்சான்" என்றாள். "ஒவ்வொரு நாளும் நானும் செத்துச் செத்துத்தான் சொன்னன். செத்தவள் என்ட தங்கச்சியில்லியா? நீங்க ஒரு சொல்லில அவள எழுப்பி உட்டுட்டீங்க. இப்ப புள்ளைக்கு ரெண்டாந்தரமும் அம்மா செத்திரிக்கா."

பிள்ளையை அவளிடமே விட்டுவிட்டேன். பனிச்சங்கேணிக்குத் தனியே திரும்பிப் போய், அந்த இரண்டு அறை வீட்டில் இருபத்தைந்து வருசத்துக்கு மேல் தனியே இருந்தேன். மாதம் ஒருக்கா மீனும் கருவாடும் கொண்டுபோய் மகளைப் பார்த்துவிட்டு வருவேன். அவள் வளர்ந்தாள். தாயின் வீடு அவளுக்கே சீதனமாயிற்று. எனக்குக் கண் மங்கத் தொடங்கியதும் அவளே வந்து என்னைக் கூட்டிப்போனாள். இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறேன். நேரத்துக்குச் சோறு, நேரத்துக்கு மருந்து, ஒரு கடுஞ்சொல் இல்லை. இன்றைக்கும் மீனில் முள்ளெடுத்துத்தான் எனக்குத் தருகிறாள்.

ஆனால் நான் எதைச் சொன்னாலும் அவள் ஒருதரம் போய்ப் பார்த்துக்கொண்டு வருவாள். வெளியில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நான் சொன்னால் முதலில் தன் மகளிடம், "ஆரும் வந்தாங்களா?" என்று கேட்பாள். மழை தூறுகிறது, உடுப்பை எடு என்றால், முற்றத்தில் இறங்கிக் கையை நீட்டிப் பார்த்த பிறகுதான் கொடிக்குப் போவாள். வேண்டுமென்று செய்வதில்லை, அப்படிச் செய்கிறாள் என்பது அவளுக்கே தெரியாது. அவள் முற்றத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்கும் அந்த நேரத்தில் உள்ளே கதிரையில் சாய்ந்திருக்கிற எனக்கு உயிர் போய் உயிர் வரும், ஆனாலும் நான் சொன்னது உண்மைதான் புள்ள என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் இல்லை.