விலக்கில் நிற்காத பிங்க் பஸ்

மெயின் ரோட்டிலிருந்து ஊர்ப் பாதை பிரிகிற நல்லான்பட்டி விலக்கில் காலை பஸ் நிற்குமா நிற்காதா என்பது அங்கே யார் கை காட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. வேட்டி கட்டிய ஆள் ஒருவர் நின்றால் நிற்கும். சேலை கட்டியவர்கள் மட்டும் நின்றால், எதிரே வெறும் ரோடு கிடப்பதுபோல் பார்த்துக்கொண்டு டிரைவர் போய்விடுவார். முன்பக்கம் பிங்க் பெயின்ட் அடித்த டவுன் பஸ் அது. பெண்கள் அதில் காசு கொடுக்க வேண்டியதில்லை. கண்டக்டர் கிழித்துத் தரும் இலவசச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

வள்ளிமயிலுக்கு இது பிடிபடவே ரொம்ப நாள் ஆனது. முதலில் பஸ்ஸில் கூட்டம், அதனால்தான் நிற்கவில்லை என்று நினைத்தாள். பிறகு டிரைவர் பார்க்கவில்லை என்று நினைத்தாள். ஒருநாள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் அவளுக்குப் பக்கத்தில் நின்று லேசாகக் கையைத் தூக்கினார். பஸ் வந்து அவர் செருப்புக்கு நேராக நின்றது. மறுநாள் அவர் இல்லை. பஸ்ஸும் நிற்கவில்லை. பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, மூச்சு வாங்க அவள் திரும்பி வந்தபோது, கூட வேலைக்குப் போகும் பத்திரகாளி சொன்னாள்:

"ஓடாத ஏட்டி. அந்தப் பஸ்ஸுக்கு மீசைதான் தெரியும். நமக்கு மீசை முளைக்கட்டும், அப்புறமா ஏறுவோம்."

இரண்டு பேரும் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தார்கள். இந்தப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். முன்பு ஆபீஸ் வேனே ஊருக்குள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. பெண்களுக்குப் பஸ் இலவசம் என்று ஆன பிறகு முதலாளி வேனை நிறுத்திவிட்டார். "கவர்மென்டே சும்மா கூட்டிட்டு வரும்போது நான் எதுக்கு டீசல் போடணும்?" என்று கேட்டாராம். கேட்டவர்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்தப் பஸ் நிற்காமலும் போகும் என்று அன்றைக்கு ஒருவரும் யோசிக்கவில்லை.

வள்ளிமயிலின் புருஷன் மாரிச்சாமி கேரளாவில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறான். இருக்கிற கொஞ்சம் கரிசல் காட்டில் மழை பெய்தால்தான் விதைப்பு. மகள் சுடலைச்செல்வி பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டில் மாதம் தவறாமல் வருவது தீப்பெட்டி ஆபீஸ் சம்பளம் ஒன்றுதான். அதற்கும் இப்போது ஆபத்து வந்திருந்தது. பஸ் கிடைக்காமல் பலநாள் பிந்திப் போனதில், சூப்பர்வைசர் கோபாலசாமி அவளை மட்டும் தனியாக நிறுத்திச் சொல்லிவிட்டார்.

"இந்தாம்மா, பண்டல் கட்டுத எடத்துல ஒரு ஆளு இல்லன்னா அந்த வரிசையே நின்னு போவுது. இனி ஒரு நாள் பிந்துனாலும் வேற ஆளப் போட்டுருவேன். அப்புறம் எங்கிட்ட வந்து அழப்பிடாது."

"பஸ்ஸு நிக்க மாட்டேங்குது அண்ணாச்சி."

"அதை டிரைவர்கிட்டப் போய்ச் சொல்லு."

அன்று சாயங்காலமே பத்திரகாளி ஒரு வழி கண்டுபிடித்தாள். விலக்குப் பக்கத்துத் தரிசில் தினமும் ஆடு மேய்க்கிற கொம்பையா, முறைக்கு இருவருக்கும் மாமா. காலையில் அவர் கொஞ்ச நேரம் ரோட்டோரம் நின்று கை காட்ட வேண்டும். பெண்கள் நிழற்குடைச் சுவருக்குப் பின்னால் நிற்பார்கள். பஸ் நின்றதும் இவர்கள் ஏறிக்கொள்வார்கள், அவர் ஆட்டுக்குத் திரும்பிவிடுவார்.

"எனக்கு என்னட்டி தருவ?" என்றார் கொம்பையா.

"பஸ்ஸையே நிறுத்துத ஆளுன்னு ஊரெல்லாம் சொல்லுதேன் மாமா. கலெக்டரு கை காட்டுனாக்கூட இப்பிடி நிக்காது."

கொம்பையா சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். மறுநாள் துவைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பெரிய ஆள்மாதிரி ரோட்டோரம் வந்து நின்றார். பஸ் நின்றது. சுவருக்குப் பின்னாலிருந்து பெண்கள் வந்து ஏறினார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து என்னமோ முனகினார். ஆனாலும் வண்டி போனது. சில வாரங்களுக்கு வள்ளிமயில் ஒருநாளும் பிந்தவில்லை. இருந்தாலும் ஒவ்வொரு காலையும் விழிக்கும்போதே, கொம்பையாவுக்குக் காய்ச்சல் வந்துவிடக் கூடாது, அவர் எந்த விசேஷ வீட்டுக்கும் போய்விடக் கூடாது என்று, புருஷனுக்கு வேண்டியதைவிட அவருக்காக அதிகம் வேண்டிக்கொண்டாள்.

ஆடி பிறந்தது. மேற்கேயிருந்து அடிக்கிற காற்றில் கரிசல் புழுதி எழுந்து வீட்டுச் சோற்றுப் பானைவரை வந்தது. அப்படி ஒரு காலையில் பஸ் நின்றதும், கண்டக்டர் படியை விட்டுக் கீழே இறங்கினார்.

"வாரும்யா. ஏறும்."

"நான் வரல அண்ணாச்சி. இவியதான் ஏறணும்," என்றார் கொம்பையா.

"தெனமும் கை காட்டுதீரு. ஒரு நாளும் ஏறல. என்ன, பஸ்ஸு நிக்குதத வேடிக்க பாக்கவா? இன்னைக்கு நீரு ஏறுனாத்தான் வண்டி எடுக்கும்."

"ஆடு நிக்குதுய்யா."

"அப்போ எல்லாரும் இங்கனயே நில்லுங்க."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். கொம்பையா வள்ளிமயிலைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்த பிறகு அவரால் நிற்க முடியவில்லை. தொரட்டிக் கம்போடு ஏறி, அடுத்த நிறுத்தத்துக்கு டிக்கெட் எடுத்தார். "ஆட்டுக்கும் சேத்து எடுத்திருக்கலாம்லா?" என்று யாரோ கேட்க, பஸ் முழுக்கச் சிரிப்பு. வள்ளிமயில் மட்டும் ஜன்னல் வழியாகத் தரிசையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவர் இறங்கித் திரும்பி நடந்து வருவதற்குள் ஆடுகள் கிணற்றுத் தோட்டத்துக்குள் புகுந்து, பூவும் பிஞ்சுமாக இருந்த வெண்டையை மொட்டையடித்துவிட்டன. அன்று சாயங்காலம் தோட்டக்காரர் ஊர் நடுவில் வைத்துக் கொம்பையாவைப் பேசிய பேச்சை வள்ளிமயில் வீட்டுக்குள் இருந்தே கேட்டாள். இருட்டுவதற்கு முன் கொம்பையா வீட்டுக்குப் போனாள். அவர் அவளைத் திட்டவில்லை.

"நாளைக்கு ஆடு மறுபக்கம் போவுது தாயி. நான் ரோட்டுப் பக்கமே வரல," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பத்திரகாளி, களையெடுக்கப் போகும்போது போடுகிற புருஷன் சட்டையைச் சேலைமேல் மாட்டிக்கொண்டு வந்தாள். தலையில் துண்டை முண்டாசாகக் கட்டியிருந்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் ஆம்பிளை ஆள் என்றுதான் தோன்றும். முன்னால் ஒரு காய்ந்த கருவேலங்கொப்பைப் போட்டு இடுப்புக்குக் கீழே மறைத்துக்கொண்டாள்.

"எப்பிடி இருக்கேன்?"

"ஒங்க வீட்டுக்காரர்மாதிரியே இருக்க. வேல வெட்டி இல்லாத ஆளு கணக்கா," என்றாள் வள்ளிமயில். பயத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பஸ் தெரிந்தது. பத்திரகாளி கையை நீட்டினாள். பஸ் வேகம் குறைந்து ஓரம் கட்டியது. கதவுப் படி கண்ணுக்குத் தெரிகிற தூரம் வந்தபோது, ஒரு காற்று சுழற்றி அடித்து, சட்டைக்குள் செருகியிருந்த சேலைத் தலைப்பை உருவி எடுத்து, கொடிமாதிரி தலைக்கு மேலே பறக்கவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்துச் சிரித்தபடி வண்டியை மிதித்தார். புழுதி அவர்கள் மேல் வந்து விழுந்தது.

வள்ளிமயில் ரோட்டோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. நாளைக் காலையில் எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

அப்போதுதான் ஊர்ப் பாதையிலிருந்து சுடலைச்செல்வி அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குப் போக வந்தாள். அம்மா தரையில் இருப்பதைப் பார்த்து பிரேக் பிடித்தாள்.

"என்னம்மா, போயிட்டா?"

"போயிட்டு."

"அப்போ ஏறு. கேட்டுல நிக்கும்."

"எந்தக் கேட்டுல?"

"ரயில்வே கேட்டுலதான். தெனமும் இந்நேரம் ரயிலுக்கு அடச்சிப் போட்டுருவாவ. ஒம்பஸ்ஸு எஞ்சைக்கிளுக்குப் பக்கத்துலதான் நிக்கும்."

"இத ஏன் நீ சொல்லல?"

"பஸ்ஸு நிக்கலன்னு நீ எங்கிட்ட எப்பச் சொன்ன?"

அது உண்மைதான். பிள்ளை படிக்கிறாளே, வீட்டுக் கவலை அவளுக்கு எதற்கு என்று வள்ளிமயில் இதை மகள் காதில் போட்டதில்லை. பத்திரகாளி அவளைக் கையைப் பிடித்துத் தூக்கிக் கேரியரில் உட்காரவைத்தாள்.

"நீ?" என்றாள் வள்ளிமயில்.

"சைக்கிள் என்ன வேனா? வெரசாப் போ. ஒனக்குத்தான் கடைசி நாளு, எனக்கு இன்னும் கொஞ்சம் கெடக்கு."

கோவில்பட்டிப் பக்கம் போக எதிர்க்காற்று. மகள் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தாள். அவள் முதுகு யூனிபார்மோடு சேர்ந்து நனைவதை, பின்னால் இருந்து பார்த்துக்கொண்டே வந்தாள் வள்ளிமயில். தான் இன்னும் மெலிந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். ரோடு மேடேறிய இடத்தில் குதித்து இறங்கி, கேரியரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஓடினாள். மேட்டு உச்சிக்கு வந்ததும் கேட் தெரிந்தது. அடைத்திருந்தது. லாரிகளுக்குப் பின்னால் பிங்க் பஸ் நின்றது.

அவள் ஏறியபோது கண்டக்டர் ஒரு கணம் முகத்தைப் பார்த்தார். சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஆபீஸ் வாசலை அடைப்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

அதிலிருந்து தினமும் அதே வழிதான். பத்திரகாளி சில நாள் முன்கூட்டியே கிளம்பி கேட் வரை நடந்து பார்த்தாள். முழங்கால் வீங்கிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமையோடு ஆபீசை விட்டு நின்றுகொண்டு நூறு நாள் வேலைக்குப் போய்விட்டாள். பண்டல் வரிசையில் அவள் இடத்தில் கயத்தாற்றுப் பெண் ஒருத்தியை உட்கார வைத்தார்கள். நல்ல பிள்ளைதான். ஆனால் வேலை நேரத்தில் சிரிப்புமூட்ட அவளுக்குத் தெரியாது.

காற்று கொஞ்சம் தணிந்த ஒரு நாள், வள்ளிமயில் கேட்டில் சைக்கிளிலிருந்து இறங்குவதைக் கண்டக்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் ஏறியதும் கேட்டார்:

"ஏம்மா, நல்லான்பட்டிதானே நீ? விலக்குல ஏறாம, இந்தப் பிள்ளய எதுக்கு இம்புட்டு தூரம் சீரழிக்க?"

"விலக்குல நின்னா ஒங்களுக்குக் கண்ணு தெரிய மாட்டேங்குது அண்ணாச்சி," என்றாள் அவள்.

முன் சீட்டிலிருந்த பெண்கள் சிரித்தார்கள். டிரைவர் திரும்பவில்லை. கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பிறகு தாழ்ந்த குரலில், "நாளைக்கு விலக்குலயே நில்லு. நிப்பாட்டச் சொல்லுதேன்," என்றார். சும்மா சொன்னமாதிரி தெரியவில்லை.

அன்றிரவு வள்ளிமயில் அதை மகளிடம் சொன்னாள். மகளுக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் காலையில் விலக்கு வந்ததும் சுடலைச்செல்வி தானாகவே மிதிப்பதை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

"இன்னைக்கு நின்னு பாப்போமாம்மா? அவிய சொல்லியிருக்காவல்லா?"

வள்ளிமயில் ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள். பஸ் இன்னும் கண்ணில் படவில்லை. கண்டக்டர் நல்ல மனுஷனாகவே இருக்கலாம். அவர் சொல்லி டிரைவர் நிறுத்தவும் செய்யலாம். ஆனால் நிற்காமல் போய், துரத்திப் போவதற்குள் கேட்டும் திறந்துவிட்டால், பிந்திப் போக அவளிடம் இன்னொரு நாள் மிச்சம் இல்லை.

"வேண்டாம்," என்றாள். "மிதி."